நைனிடால் குச்சிகள்

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குத் திரும்பும் இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நர்சரி இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு தொட்டியில் ‘வீப்பிங் வில்லோ’ என்று அட்டை எழுதிச் செருகியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். கிளைகள் கீழ்நோக்கித் தொங்கின, அது உண்மைதான். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை அடித்தது. தண்டைத் தடவினால், வரிசையாகப் பட்டன் தைத்ததுபோல் சின்னச் சின்னக் கட்டைக் காய்கள். அது பாட்டில் பிரஷ் மரம்.

“இது வில்லோ இல்லை” என்றேன்.

“எதுவா இருந்தா என்ன, தொங்கறதோல்லியோ?” என்றார் என் கணவர்.

மகளுக்கு அந்தச் செடி வேண்டும். நான் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, வாங்கிக் கொடுத்திருக்கலாமோ, ஐந்து வயதுக் குழந்தையிடம் மரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் செய்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எதையும் ஒரு தடவை முடிவு செய்து விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மனசு கேட்காமல் ஃபோனில் தேடினேன். நிஜ வில்லோ இந்த ஊரில் கிடைக்குமா, வளருமா என்று. எங்கே பார்த்தாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். மரங்களிலேயே மிகச் சுலபமாக வேர் விடுவது வில்லோதான். பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் போதும், இரண்டு வாரத்துக்குள் வேர் வந்துவிடும். ஒன்றும் தெரியாதவர்கள்கூட வளர்க்கலாம்.

அந்த வரிகளைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். நான் வளர்ந்த கரமனை வீட்டில், அத்தை கொண்டுவந்த வில்லோ குச்சிகள் ஆடியிலிருந்து புரட்டாசி வரை தண்ணீரில் நின்றன. வேர் விடவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷமாக நைனிடாலில் இருந்தாள். அத்திம்பேருக்கு அங்கே ஒரு வங்கியில் வேலை. அத்திம்பேரின் அம்மா இதே திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருந்தார். அத்தை இங்கே வந்தால் மாமியார் பஸ் தூரத்தில், புருஷன் ரயிலில் மூன்று நாள் தூரத்தில் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். வருவதாக முன்னால் தகவல் இல்லை. ஒரு சூட்கேஸ், அதைத் தவிர ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் ஈரத் துண்டு சுற்றிய ஒரு கட்டு. அம்மா கட்டை வாங்கிப் பிரித்தாள். உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், வளைத்தால் வளைகிற குச்சிகள்.

“இதென்னடி, ஹோமத்துக்கு சமித்தா?”

“இல்லை மன்னி. அங்க ஏரிக்கரையில நிக்கற மரம். இங்க வளருமான்னு பாக்கறேன்.”

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குச்சிகளைப் பார்த்தார். “மூணு நாள் வண்டியில வெறகு சுமந்துண்டு வந்திருக்கையாக்கும். கரமனையில வெறகுக்கு அவ்வளவு பஞ்சமா?”

அத்தை சிரித்தாள். வந்த அன்று அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆடி மாதமாக இருந்தது வசதியாகப் போயிற்று. பெண் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்ல முடிந்தது. எதிர்வீட்டு மாமி மட்டும் வாசலில் நின்று, “எங்க காலத்துல தலை ஆடியோட சரி. இப்போ ரெண்டாம் வருஷத்துக்கும் உண்டோ?” என்று கேட்டார்.

“பொறந்தாத்துக்கு வரதுக்குக் கணக்கு உண்டா மாமி?” என்றாள் அம்மா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே வந்ததும், “எப்போ திரும்பிப் போறாளாம், கேட்டேளா?” என்று அப்பாவிடம் அவளே கேட்டாள்.

குச்சிகள் பழைய ஊறுகாய் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைக்கப்பட்டன. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. அறைக்குப் பின்னால் அறையாகப் போய், கொல்லையில் முடிந்து, கொல்லை ஆற்றில் இறங்கும். கொல்லையைப் பார்த்த கடைசி அறையின் ஜன்னல் விளிம்பில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அந்த அறைதான் அத்தைக்கும் எனக்கும்.

அத்தை பி.எஸ்ஸி. படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஸ்கூட்டர் ஓட்டியவள். அவள் நைனிடாலிலிருந்து புதிதாக ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எதற்கும் கேட்டாள். “மன்னி, இன்னும் ஒரு தோசை போட்டுக்கட்டுமா?” “மன்னி, ஃபேனைப் போடட்டுமா?” “மன்னி, கொல்லைக்குப் போய்ட்டு வரட்டுமா?” முதலில் அம்மா சிரித்தாள். பிறகு எனக்கு உதாரணம் காட்டினாள். “பாத்துக் கத்துக்கோ. நீ இருக்கியே, அடுக்களையில பூனை மாதிரி புகுந்து எடுக்கறே.” நானும் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாள் நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அனுமதி கேட்டோம்.

இப்போது என் மகள் சில சமயம், “அம்மா, தண்ணி குடிக்கட்டுமா?” என்று கேட்பாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், வேறொன்றும் இருக்காது. “என்னைக் கேக்க வேண்டாம், எடுத்துக் குடி” என்று தேவைக்கு மேல் குரலை உயர்த்திவிடுகிறேன். குழந்தை மிரண்டு போய் டம்ளரை வைத்துவிடுகிறது. அப்புறம் அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்திம்பேரிடமிருந்து ஃபோன் வரும். எங்கள் வீட்டு ஃபோன் கூடத்தில் இருந்ததால் எல்லோர் காதிலும் விழும். அத்தை பேசுவது இப்படி இருக்கும்: “ஆமாம். ஆறரைக்கு. இல்லை, மன்னியோடதான். இல்லை, தனியா போகலை. கடைக்காரன்தான் பேசினான். நான் பேசலை. ஆமாம். ஒண்ணும் சொல்லலை.” ஒரு வாரத்தில் நடந்தது எல்லாவற்றையும் நாள் நாளாக ஒப்பித்துவிட்டு ஃபோனை வைக்கும்போது ரிசீவரில் அவள் கை ஈரம் படிந்திருக்கும்.

“இவ்வளவு விசாரிக்கற ஆத்துக்காரர் யாருக்குக் கிடைப்பா?” என்பாள் அம்மா. “உங்கண்ணா இருக்காரே, நான் ரெண்டு நாள் ஊர்ல இல்லைன்னா அதுவே தெரியாது அவருக்கு.”

எனக்கு அத்திம்பேரைப் பிடிக்கும். கல்யாணத்தில் பார்த்திருந்தேன். மெதுவாகப் பேசுவார். ஒருவரையும் கோபித்துக்கொள்ளாத முகம். அத்தை என்ன சாப்பிட்டாள் என்பதைக்கூட ஒன்று விடாமல் கேட்கிறாரே என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆவணி பிறந்தது. ஓணத்துக்குப் பூக்கள் வந்தன. அத்தை போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா பொதுவாகக் கேட்பதுபோல், “டிக்கெட் எப்போ போடட்டும்?” என்றார்.

அத்தை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “இதுகள் வேர் விட்டுடட்டுமே அண்ணா. நட்டு வெச்சுட்டுப் போறேன். பாதியில விட்டுட்டுப் போனா அழுகிப் போயிடும்.”

அப்பாவுக்கு அது நியாயமாகத் தோன்றியது. எதையும் பாதியில் விடுவது அவருக்கும் பிடிக்காது. “செரி. வேர் விட்டதும் போலாம்” என்றார். அத்திம்பேரிடமும் ஃபோனில் அவரே சொன்னார். “உங்க ஊர் மரத்தைக் கொண்டு வந்து வெச்சிண்டு உக்காந்திருக்கா. அதுக்கு வேர் வந்தாத்தான் வருவாளாம்.” அந்தப் பக்கம் அத்திம்பேர் சிரித்திருக்க வேண்டும். அப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார். “வேர் விட்டுதா?”

“இல்லேண்ணா.”

அப்பாவுக்குச் செடி கொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தங்கைக்காக முழு மூச்சாக இறங்கினார். அலுவலகத்தில் யார் யாரையோ விசாரித்தார். ஒருவர், வில்லோ இங்கேயே இருக்கிறது, எதற்கு நைனிடால் என்று சொல்லி, நெட்டிலிங்கக் கிளை ஒன்றை ஒடித்துக் கொடுத்துவிட்டார். பளபளவென்று ஓரம் நெளிந்த இலைகள். அப்பா அதைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

“இது குடையை மடக்கி வெச்ச மாதிரி நிக்கும் அண்ணா. அது விரிஞ்சு தொங்கும்” என்றாள் அத்தை.

அடுத்த வாரம் பாட்டில் பிரஷ். அதற்கடுத்து, ஆற்றின் அக்கரையிலிருந்து ஆற்றுப்பாலைக் கொப்பு. இதைப் பார்த்ததும் அத்தையின் முகம் கொஞ்சம் மாறியது. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சாம்பல் பூத்ததுபோல் வெளுப்பாக இருந்தது. ஓரத்தைப் பெருவிரலால் நீவினாள். “இது கிட்டத்தட்ட அதேதான். ஒரே குடும்பம். ஆனா இலை அகலம். இதுக்கு வளையத் தெரியாது. நிமிர்ந்து நிக்கும்” என்றாள்.

“கொள்ளாமே, நன்னாருக்கே” என்றார் அப்பா. “அப்போ இதையே நட்டுட்டாப் போறாதா? நிமிந்து நின்னா என்ன குறைச்சல்?”

அத்தை கொப்பை அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

வேர் வருவதை முதலில் பார்த்தது நான்தான். ஆவணி பிறப்பதற்கு முன்பே அது நடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஜன்னலருகே போனேன். தண்ணீருக்குள் குச்சியின் பட்டையைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக, வெந்த சேமியாத் துண்டுகள் போல நீட்டிக்கொண்டிருந்தன. கத்தப் போனேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் சோப்பு வாசனை.

பிறகு குச்சியை வெளியே எடுத்து, நகத்தால் அந்த வேர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கிள்ளி, நகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். குச்சியைத் திரும்பவும் தண்ணீரில் வைத்தாள்.

“எதுக்கு அத்தை?”

“இது கெட்ட வேர். தண்ணி வேர். இதைக் கிள்ளினாத்தான் நல்ல வேர் வரும்.”

“நல்ல வேர் எப்போ வரும்?”

“வரும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே, கேட்டியா? கண்ணு பட்டுடும்.”

எனக்கு அது முழுக்கப் புரிந்தது. பால் பல் விழுந்தால்தான் நல்ல பல் முளைக்கும். எனக்கே அப்போது இரண்டு பல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்தோம். அம்மா மத்தியானம் கண்ணயரும் நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, நான் குச்சியைப் பிடித்துக்கொள்ள, அத்தை கிள்ளுவாள். சில சமயம் என்னையும் கிள்ள விடுவாள். முளைகட்டிய பயறின் வாலைக் கிள்ளுவதுபோல் சுலபமாக வந்துவிடும். கிள்ளிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஓரிரு நாளில் மறுபடி வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். அந்த மரத்துக்கு அப்படி ஒரு அவசரம்.

மேலே இலைகள்கூட வந்துவிட்டன. மெல்லிய, நீளமான இலைகள். அதை மறைக்க முடியவில்லை. அப்பா பார்த்துவிட்டு உற்சாகமாக, “இலை வந்தாச்சே, அப்போ வேரும் வந்திருக்குமே” என்றார்.

“இலையை நம்பப்படாது அண்ணா. குச்சிக்குள்ள இருக்கற சத்துல வரது அது. வேர் வேற” என்றாள் அத்தை. அது பொய் இல்லை, இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஒன்றாவது பொய் இல்லை என்பதில் எனக்கு ஏனோ ஒரு நிம்மதி.

அந்த நாட்களில் அவள் நன்றாக இருந்தாள். கொஞ்சம் சதை பிடித்தாள். கேட்காமலே ஃபேன் போட்டாள். ஒருநாள் அம்மாவின் புடவையைக் கேட்காமல் எடுத்து உடுத்திக்கொண்டுவிட்டு, உடுத்திக்கொண்ட பிறகு பயந்து போய் நின்றாள். அம்மா, “உனக்குத்தான் நன்னா இருக்கு, நீயே வெச்சுக்கோ” என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. இதை எழுதும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை.

அடுக்களையில் ஒருநாள் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மன்னி, நான் இங்கயே இருந்துட்டா என்ன?”

“இரேன். யார் வேண்டாங்கறா?” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “இன்னும் கொஞ்ச நாள் இருந்து நவராத்திரியும் பாத்துட்டுத்தான் போயேன். அந்தக் குளிர்ல தனியா கிடந்து போரடிக்கறதாக்கும். ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும், பாரு.”

அத்தை கீரைத் தண்டுகளை ஒரு பக்கமும் இலைகளை ஒரு பக்கமும் ஒதுக்கினாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஓணம் முடிந்த சமயத்தில் பாட்டிலில் ஒரு குச்சி குறைந்தது. அத்தை கட்டிலுக்கடியில் தேடினாள், கொல்லையில் தேடினாள். காக்காய் கொண்டுபோயிருக்கும் என்றார் அப்பா. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நவராத்திரி வந்தது. எங்கள் தெருவில் கொலு என்றால் படியில் வைக்கிற பொம்மைகளுக்கு எல்லா வீட்டிலும் ஒரே மரியாதைதான். பெயர் எடுப்பது பக்கத்தில் போடுகிற பார்க்தான். தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகு தூவி, புல்தரை முளைக்க வைத்து, யார் வீட்டுப் பார்க் பெரியது என்று பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். அந்த வருஷம் அம்மா ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஸ்ரீவராகத்திலிருந்து அத்திம்பேரின் அம்மாவை அழைப்பது, அவர் வரும்போது எங்கள் கூடத்தில் நைனிடால் இருப்பது. நிலைக்கண்ணாடியைப் படுக்க வைத்து ஏரி. அடுப்புக்கரியை அடுக்கிப் பஞ்சு ஒட்டி பனிமலை. ஏரியில் தீப்பெட்டிப் படகு.

“எல்லாம் இருக்கு, மரம்தான் இல்லை” என்றாள் அம்மா, பாட்டில்களை நினைத்துக்கொண்டு.

அப்பா அதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைய, கைகளில் சேறு வழிய வந்தார். கையில் ஒரு செடி. ஆற்றோரம் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், ஈர மண்ணில், தங்கைக்குத் தெரியாமல் அவர் ஊன்றி வளர்த்தது. என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. நாலைந்து கிளைகள் மேலே போய், போன வேகத்திலேயே வளைந்து கீழே தொங்கின. அடியில் வேர்கள் கொத்தாக, சேற்றோடு, ஒரு பிடிக்கு அடங்காமல் இருந்தன.

கூடத்தில் சேறு சொட்டியது. அம்மா திட்டவில்லை. அப்பா செடியைத் தூக்கிப் பிடித்து, வேரை அத்தையின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“பாத்தியா? நீ இத்தனை நாளா தண்ணியை மாத்தி மாத்தி என்ன பண்ணினே? வெறுதே, சும்மா மண்ணுல குத்தி வெச்சேன். பிடிச்சுண்டுடுத்து.”

அத்தை வேரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து, கன்னத்தில் இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வேர் வந்தேவிட்டது. அப்பா, “இதுக்குப் போய் யாராவது அழுவாளா, அசடு” என்று தலையில் கை வைக்கப் போய், கையில் சேறு இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அத்தை ஜன்னலில் இருந்த பாட்டில்களையெல்லாம் கொல்லையில் கவிழ்த்தாள். மீதிக் குச்சிகளை வெந்நீர் அடுப்பில் வைத்தாள். பச்சைக் குச்சிகள், எரியவில்லை. புகைந்தன. ஏன் என்று கேட்டேன். “ஒண்ணு பிடிச்சாப் போறுமே” என்றாள்.

ஸ்ரீவராகத்து மாமி சரஸ்வதி பூஜைக்கு முன்தினம் வந்தார். நல்ல மாதிரி. எனக்குக் கல்கண்டு கொண்டுவந்தார். பார்க்கைச் சுற்றி வந்து, கண்ணாடி ஏரியைக் குனிந்து பார்த்து, ஓரத்தில் தொட்டியில் தொங்கி நின்ற மரத்தின் கிளையை இரண்டு விரலால் தூக்கினார்.

“இதுதான் அங்க இருக்கற மரமா?”

“ஆமாம்மா” என்றாள் அத்தை.

“எங்க பையன் ஃபோன்ல சொன்னான். இதுக்கு வேர் வந்தாத்தான் பொண்டாட்டி வருவாளாம்னு.” மாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தெருப் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். “அவன் மரம் இங்க வேர் பிடிச்சாச்சு. நம்ம பொண்ணு அங்க போய் வேர் பிடிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாமி கை தட்டியே சிரித்தார். அம்மா வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். மாமி எடுத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தில் அன்று இருந்த நிம்மதியை நான் வேறு எந்த நவராத்திரியிலும் பார்த்ததில்லை.

விஜயதசமி கழிந்த அந்த வாரமே அத்தை ரயில் ஏறினாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று, மரத்தை நான் பார்த்துக்கிறேன், நீ கவலைப்படாதே என்று வண்டி நகரும்வரை சொன்னார். சொன்னபடி பார்த்துக்கொண்டார். தொட்டியிலிருந்து எடுத்து ஆற்றோரத்திலேயே நட்டார். மாசி வெயில்வரை அது தாக்குப்பிடித்தது. பிறகு இலை நுனிகள் கருகின. ஃபோனில் மட்டும், ஜோரா இருக்கு, ஜோரா இருக்கு என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை பிறகு சில தடவை கரமனைக்கு வந்தாள், ஒவ்வொரு தடவையும் அத்திம்பேரோடு. இப்போது அவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். நான் ஃபோன் செய்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். போன மாதம் நர்சரிக்குப் போய்வந்த பிறகு கூப்பிட்டேன். எதைக் கேட்பது என்று தெரியாமல், நைனிடாலில் ஏரிக்கரையில் ஒரு மரம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “மரமா? இருந்திருக்கும்” என்றாள். பின்னால் அத்திம்பேரின் குரல், மெதுவாக, “யாரு, என்ன கேக்கறா?” என்றது. நான் குழந்தையின் ஜலதோஷத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்குமா, கெடுதலாக இருந்திருக்குமா, அதுவும் தெரியவில்லை.

அந்த வருஷம் அத்தை நைனிடால் போனதற்குப் பிறகு, தீபாவளி கழிந்த சமயத்தில் ஒன்று நடந்தது.

வகுப்பில் செடியின் பாகங்கள் பாடம். வேரின் வேலை என்ன என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்தேன். எங்கள் வீட்டில் மரம் வேர் விட்டாயிற்று, இனிமேல் சொன்னால் கண் படாது. முதலில் வருவது கெட்ட வேர், அதைக் கிள்ளிக் கிள்ளி எறிந்தால்தான் செடி வளரும் என்று விளக்கமாகச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. “ஆரு பறஞ்ஞு இது?” என்று டீச்சர் மலையாளத்தில் கேட்டார். அத்தை சொன்னாள் என்றேன். வேரைக் கிள்ளினால் செடி செத்துப்போகும், அத்தையிடம் போய்ச் சொல் என்று உட்கார வைத்துவிட்டார்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“டீச்சருக்கு ஒண்ணுமே தெரியலை” என்றேன். “அத்தை எத்தனை தடவை கிள்ளியிருக்கா. எதாவது செத்துப் போச்சா?”

“எதைக் கிள்ளினா?”

“வேரைத்தான். பாட்டில்ல இருந்ததை.”

துருவுகிற சத்தம் நின்றது. “பாட்டில்லதான் வேரே வரலையே.”

“வந்துது. வர வர அத்தை கிள்ளிடுவா. நானும் கிள்ளியிருக்கேன். அது கெட்ட வேர்.”

“எப்போலேர்ந்து?”

“முதல்லேர்ந்தே. ஆவணிக்கு முன்னாலேர்ந்து.”

அம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டியிருந்த பூவை உதறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டப் போகிறாளோ என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாகிட்ட இதைச் சொல்லாதே” என்றாள். “எப்பவும் சொல்லாதே. கேட்டியா?”

நான் தலையாட்டினேன். அத்தைக்குச் செடி வளர்க்கவே தெரியாது என்று தெரிந்தால் அப்பா கேலி செய்வார், அதிலிருந்து அத்தையைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வாளியோடு ஆற்றோரம் இறங்கிப் போய், மரத்துக்குப் பதமாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். அம்மா கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். என் உதட்டின் மேல் விரலை வைத்து அவளுக்குக் காட்டினேன், ஒரு வார்த்தை வெளியே வராது என்று. இவ்வளவு பெரிய ரகசியத்தை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.